ஒட்டகத்தின் முறை நாள்: அணையும் ஆறும் நம் பொறுப்பும்



வானத்திலிருந்து அளவோடு மழையை இறக்கி, செத்த பூமியை உயிர்ப்பித்து, நம் தாகத்தையும் கால்நடைகளின் தாகத்தையும் தீர்த்து வைக்கும் அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். ஸலவாத்தும் ஸலாமும் பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.

நம்முடைய கம்பம் பள்ளத்தாக்கில் டீக்கடையில் காலையில் கேட்கிற முதல் கேள்வி தங்கம் விலை அல்ல. "பெரியாத்துல எத்தனை அடி?" என்பதுதான். ஜூன் மாதம் பிறந்துவிட்டால் அடுத்த கேள்வி, "தண்ணி திறந்துட்டாங்களா?" கூடலூரில் நாற்றங்கால் போட்டவரும், உத்தமபாளையத்தில் உழுது வைத்தவரும், சின்னமனூரில் வாழை வைத்தவரும் இந்த இரண்டு கேள்விகளுக்கான பதிலில்தான் தூங்குகிறார்கள், எழுகிறார்கள்.

இந்தக் கேள்விகள் தவறானவை அல்ல. ஆனால் இன்று இந்த மிம்பரிலிருந்து மூன்றாவதாக ஒரு கேள்வியை உங்களிடம் வைக்கிறேன். அணையில் இருக்கிற தண்ணீரில் வயலுக்கு இவ்வளவு, குடிநீருக்கு இவ்வளவு, மின்சாரத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறோம். ஆற்றுக்கு எவ்வளவு?

"ஆறே தண்ணீர்தானே ஹஜ்ரத், ஆற்றுக்கு எதற்குத் தண்ணீர்?" என்று தோன்றலாம். குர்ஆன் இதற்குப் பதில் வைத்திருக்கிறது.

நம் வீட்டு வாசலுக்கு வந்த ஆறு

முதலில் நமக்குக் கிடைத்த நிஃமத்தை நினைத்துப் பார்ப்போம். பெரியாறு இயற்கையில் மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கிற ஆறு. மலைக்கு அந்தப் பக்கம் அடைமழை, இந்தப் பக்கம் காய்ந்த பூமி. 1876 முதல் 1878 வரை வந்த தாது வருடப் பஞ்சத்தில் இந்த வட்டாரம் பட்ட பாடு சொல்லி மாளாது.

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் ஆங்கிலேய அரசுக்கும் 999 ஆண்டு குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 1887ல் வேலை தொடங்கியது. யானையும் காட்டாறும் மலேரியாவும் சூழ்ந்த காட்டில், சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டினார்கள். நோயிலும் விபத்திலும் தொழிலாளர்கள் பலர் அங்கேயே மடிந்தார்கள். 1895 அக்டோபரில் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு மைல் நீளச் சுரங்கம் மலையைக் குடைந்து, மேற்கே போக வேண்டிய தண்ணீரைக் கிழக்கே திருப்பியது. அதைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுக்கின் பெயரை நம் ஊர்களில் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். லோயர்கேம்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராக மாட்டார் என்ற நபிமொழி (அபூதாவூத், திர்மிதீ) நமக்குத் தெரியும். அந்த நன்றி நம் மக்களிடம் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

அந்தத் தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. அது முல்லையாறாக ஓடி வைகையில் சேர்ந்து, ஆண்டிபட்டிக்கு அருகே 1959ல் கட்டிய 71 அடி வைகை அணையில் தேங்குகிறது. அங்கிருந்து திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று கீழே போகிறது. ஐந்து மாவட்டத்தின் சோறும் குடிநீரும் இதில் இருக்கிறது.

இவ்வளவு பெரிய நிஃமத் கையில் இருக்கும்போது மனிதனுக்கு ஒரு மயக்கம் வரும். "அணை நம்முடையது, தண்ணீர் நம்முடையது" என்ற மயக்கம். அல்லாஹ் அதை ஒரே சொல்லில் உடைக்கிறான். ஸூரா அல்ஹிஜ்ரில் (15:22) காற்றை அனுப்பி, வானத்திலிருந்து மழையை இறக்கி, உங்களுக்குப் புகட்டுவதைச் சொல்லிவிட்டு, அதைச் சேமித்து வைப்பவர்கள் நீங்கள் அல்லர் என்கிறான். ஸூரா அல்முஃமினூனில் (23:18) தண்ணீரை அளவோடு இறக்கிப் பூமியில் தங்க வைத்ததையும், அதைப் போக்கிவிடவும் தனக்கு ஆற்றல் உண்டு என்பதையும் நினைவூட்டுகிறான். அணையின் ஷட்டர் நம் கையில் இருக்கலாம். மேகத்தின் ஷட்டர் அவன் கையில் இருக்கிறது.

ஒட்டகத்திற்கு ஒரு நாள்

ஸமூது கூட்டத்தாரின் வரலாறு நீங்கள் அறிந்ததுதான். மலைகளைக் குடைந்து வீடு கட்டிய மக்கள். பொறியியலில் கெட்டிக்காரர்கள். ஸாலிஹ் (அலை) அவர்களிடம் அத்தாட்சி கேட்டார்கள். அல்லாஹ் ஒரு பெண் ஒட்டகத்தை அனுப்பினான். அந்த ஒட்டகத்தோடு அல்லாஹ் வைத்த நிபந்தனை என்ன? "இதை வணங்குங்கள்" என்றா? இல்லை. "இதற்குத் தங்கத் தொட்டில் கட்டுங்கள்" என்றா? இல்லை. நிபந்தனை தண்ணீர் பற்றியது!

ஸூரா அஷ்ஷுஅராவிலும் (26:155) ஸூரா அல்கமரிலும் (54:28) இதைப் பார்க்கலாம். தண்ணீர் உங்களுக்கும் அதற்கும் இடையே பங்கிடப்பட்டது. அதற்கு ஒரு முறை, உங்களுக்கு ஒரு முறை. குறித்த நாளில் குறித்தவர் வந்து குடிக்க வேண்டும்.

விவசாயிகளே! "முறை" என்ற சொல் உங்களுக்குப் புதிதா? முறைப் பாசனம் நம் ரத்தத்தில் ஊறியது. இன்றைக்கு மேல் மடை, நாளைக்குக் கீழ் மடை. அடுத்தவர் முறையில் மடையை வெட்டினால் ஊரே கூடி நியாயம் கேட்கும். அல்லாஹ் ஒரு சமுதாயத்தின் முறைப் பாசனத்தில் வாயில்லா ஒரு ஜீவனுக்கும் முறை நாள் குறித்தான். அந்த நாளில் மனிதனின் வாளி இறங்கக் கூடாது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒட்டகத்தின் முறை நாளில் அந்த மக்கள் பட்டினி கிடக்கவில்லை, அதன் பாலைக் கறந்து குடித்தார்கள் என்று முஃபஸ்ஸிர்கள் எழுதுகிறார்கள். ஒட்டகத்துக்கு விட்ட தண்ணீர் பாலாகத் திரும்பி வந்தது. ஆனால் அவர்களின் பேராசைக்கு அந்த ஒரு நாள் உறுத்தியது. ஒருவன் எழுந்து அதன் காலை வெட்டினான். வெட்டியது ஒரு கை. ஆனால் ஸூரா அஷ்ஷம்ஸில் (91:14) "அவர்கள் வெட்டினார்கள்" என்று பன்மையில் வருகிறது. பார்த்துக்கொண்டு இருந்தவர்களும், மனத்தால் ஒத்துக்கொண்டவர்களும் கணக்கில் சேர்ந்தார்கள். அந்த ஊரே அழிந்தது.

ஆற்றுக்கு ஏன் தண்ணீர்?

அன்பானவர்களே! ஆறு என்பது தண்ணீர் போகிற வாய்க்கால் மட்டும் அல்ல. அதில் மீன் இருக்கிறது, நண்டு இருக்கிறது, தவளை இருக்கிறது. கரையில் மருத மரமும் நாணலும் இருக்கின்றன. கொக்கும் மீன்கொத்தியும் வருகின்றன. ஸூரா அல்அன்ஆமில் (6:38) பூமியில் ஊரும் பிராணிகளும் சிறகடிக்கும் பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்கிறான் அல்லாஹ். அவற்றுக்கும் உம்மத் என்ற சொல்லையே பயன்படுத்துகிறான்.

பெரியாற்றின் மேல் ஓடைகளில் ஒரு வகை மீன் இருக்கிறது. பெரியாற்றைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. ரப்புல் ஆலமீன் அந்த உயிருக்கு இந்தப் பூமியில் கொடுத்த ஒரே வீடு, நாம் தண்ணீர் எடுக்கிற அந்த மலைதான்.

ஆற்று உயிர்கள் எதை எதிர்பார்க்கின்றன? மூன்று விஷயங்கள்.

ஒன்று, அளவு. கோடையிலும் ஓடை அறுந்து போகாமல் கொஞ்சமாவது ஓட வேண்டும். ஓட்டம் நின்றால் குட்டைகளில் மீன் மாட்டிக்கொள்ளும். தண்ணீர் சூடாகும். ஊர்ச் சாக்கடை கரைவதற்குத் தண்ணீர் இல்லாமல் ஆறே சாக்கடையாகும்.

இரண்டு, காலம். மழைக்காலத்தில் புதுவெள்ளம் வரும்போதுதான் பல மீன்கள் முட்டையிடுகின்றன. அந்த வெள்ளம்தான் மணலையும் வண்டலையும் கீழே கொண்டு போகிறது. எல்லா வெள்ளத்தையும் அணை விழுங்கிவிட்டால், வண்டல் அணைக்குள் படிகிறது. வைகை அணையில் அதைப் பார்க்கிறோம். கீழே ஆற்றுக்கு மணல் கிடைப்பதில்லை.

மூன்று, வேகம். மதகை ஒரே அடியாக மூடினால் கரையோரத்து முட்டையும் குஞ்சும் காய்ந்து போகும். ஒரே அடியாகத் திறந்தால் மீனையும் அடிக்கும், துணி துவைக்கிற பெண்களையும் அடிக்கும். படிப்படியாகத் திறந்து படிப்படியாக மூடுவது மனிதனுக்கும் பாதுகாப்பு, ஆற்று உயிருக்கும் பாதுகாப்பு.

ஒட்டகத்தின் பால் நமக்கு எங்கே கிடைக்கிறது என்கிறீர்களா? கோடையில் ஆற்றில் ஓடுகிற அந்தக் கொஞ்சத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி உங்கள் தோட்டத்துக் கிணற்றுக்கு வருகிறது. ஆற்றங்கரை உறைகிணறுகளில் ஊறி உங்கள் தெருக் குழாய்க்கு வருகிறது. அயிரையாகவும் கெண்டையாகவும் குழம்புச் சட்டிக்கு வருகிறது. ஆற்றின் முறையில் விட்ட தண்ணீர் வீணாகவில்லை. சுற்றி வந்து நம் வீட்டுக்குள்தான் நுழைகிறது.

கணுக்கால் அளவு

தண்ணீரைப் பங்கிடுவது எப்படி என்பதற்கு நாயகத்தின் தீர்ப்பே இருக்கிறது. மதீனாவில் ஹர்ரா பகுதியில் மழை நீர் ஓடி வரும் கால்வாய்கள் இருந்தன. ஸுபைர் (ரலி) அவர்களின் தோட்டம் மேல் மடை. ஓர் அன்ஸாரித் தோழரின் தோட்டம் கீழ் மடை. "தண்ணீரைத் தேக்காமல் விடு" என்றார் அவர். இவர் மறுத்தார். வழக்கு நபி (ஸல்) அவர்களிடம் வந்தது. உமது தோட்டத்துக்குப் பாய்ச்சிவிட்டு உம் அண்டை வீட்டாருக்குத் திறந்துவிடும் என்று ஸுபைரிடம் சொன்னார்கள். அந்த மனிதர், "உங்கள் மாமி மகன் என்பதாலா?" என்று பேசிவிட்டார். பெருமானாரின் முகம் மாறியது. பிறகு, வரப்பைத் தொடும் வரை தேக்கிக்கொண்டு திறந்துவிடும் என்று ஸுபைரின் முழு உரிமையையும் கொடுத்துத் தீர்ப்பளித்தார்கள். அந்த அளவைப் பின்னர் மக்கள் மதிப்பிட்டபோது அது கணுக்கால் அளவு வந்தது (புகாரி). மஹ்ஸூர் என்ற ஓடையின் விஷயத்திலும் கணுக்கால் அளவு வந்ததும் மேலே உள்ளவர் கீழே உள்ளவருக்கு விட வேண்டும் என்றே தீர்ப்பு (அபூதாவூத், இப்னுமாஜா).

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. மேலே இருப்பவருக்கு முதல் உரிமை உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த உரிமைக்கு ஓர் அளவுகோல் உண்டு. கணுக்கால் நனைந்த பிறகு தண்ணீர் உம்முடையது அல்ல, கீழே உள்ளவருடையது.

இப்போது நம் ஆற்றில் யார் மேலே, யார் கீழே? லோயர்கேம்பில் நிற்பவருக்குக் கீழே வீரபாண்டி. தேனிக்குக் கீழே மதுரை. மதுரைக்குக் கீழே விரகனூர், பார்த்திபனூர் மதகணைகள். கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாய். அந்தக் கண்மாய்க் கரையில் நம் தீன் சகோதரர்களும், எல்லாச் சமுதாயத்து விவசாயிகளும் வானத்தையும் வைகையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அதற்கும் கீழே, வைகை கடலைத் தொடும் அழகன்குளம். பண்டைக் காலத்தில் ரோமானியக் கப்பல்களோடு வணிகம் செய்த துறைமுகம் அது. இன்று மிகுந்த மழைக் காலத்தில் மட்டும்தான் ஆறு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது.

இன்னும் ஒருவரை நாம் மறந்துவிடுகிறோம். முல்லைப் பெரியாறு அணைக்குக் கீழே, வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு வழியாக மேற்கே போகிற பழைய பெரியாறு இருக்கிறது. உபரி நீர் மதகு திறக்கிற நாட்களைத் தவிர அந்தப் படுகைக்கு அணையிலிருந்து தண்ணீர் போவதில்லை. வழியில் சேர்கிற ஓடைகள்தான் அதற்கு உயிர். நாம் குடிக்கிற ஒவ்வொரு குவளையும் அந்த ஆறு விட்டுக்கொடுத்தது. அணையின் நீர்மட்டம் பற்றிய வழக்கைப் பேச மிம்பர் இடமல்ல. உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. நம் உரிமை உரிமைதான். ஆனால் அந்த ஆற்றங்கரையில் மழை நாளில் பயத்தோடு தூங்குகிற மலையாளச் சகோதரனுக்காகவும் நாம் துஆச் செய்ய வேண்டும். பிறருக்குத் தீங்கு செய்வதும் இல்லை, தீங்குக்குத் தீங்கு செய்வதும் இல்லை என்பது நபிகளார் தந்த சட்டம் (இப்னுமாஜா).

"மனுஷனுக்கே தண்ணி இல்லையே ஹஜ்ரத்!"

இந்தக் கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன். நியாயமான கேள்வி. குடம் தூக்கி நிற்கிற தாய்க்கு முன்னால் மீனைப் பற்றிப் பேசினால் கோபம்தான் வரும். ஷரீஅத்தும் மனிதனின் தாகத்தையே முன்னே வைக்கிறது. பயிருக்கு முன் உயிர். உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றை வாங்கி மக்களுக்கு வக்ஃபு செய்தது இந்தத் தாகத்துக்காகத்தான்.

ஆனால் ஃபிக்ஹு கிதாபுகளில் தயம்மும் பாடத்தைப் பாருங்கள். ஒருவரிடம் உளூச் செய்யும் அளவு தண்ணீர் இருக்கிறது. தொழுகை நேரம் வந்துவிட்டது. அருகில் அவருடைய பிராணி தாகத்தில் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்? தண்ணீரைப் பிராணிக்கு வைத்துவிட்டு அவர் தயம்மும் செய்து தொழலாம் என்கிறார்கள் இமாம்கள். சுப்ஹானல்லாஹ்! தொழுகைக்கான தண்ணீரைக்கூட ஒரு ஜீவனின் தாகத்துக்காக விடச் சொல்கிற மார்க்கம் இது. அப்படியானால், மூன்றாவது போகத்துக்காகவும், நீச்சல் குளத்துக்காகவும், நிரம்பி வழிகிற மேல்நிலைத் தொட்டிக்காகவும் ஆற்றின் கடைசிச் சொட்டையும் உறிஞ்சுவதற்கு நமக்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

அவசியம் வேறு, வசதி வேறு, வீண் விரயம் வேறு. மனிதனின் அவசியம் ஆற்றின் முறைக்கு முந்தியது. மனிதனின் வீண் விரயம் ஆற்றின் முறைக்கு முந்தியது அல்ல. இந்த ஒரு வரியை மட்டும் இன்று வீட்டுக்குக் கொண்டு போனாலும் போதும்.

உலகமும் இதை மெல்ல உணர்கிறது. 2018 அக்டோபரில் மத்திய அரசு கங்கைக்கு ஒரு கணக்குப் போட்டது. ஹரித்வாருக்கு மேலே உள்ள அணைகள் மாதச் சராசரி ஓட்டத்தில் வறண்ட காலத்தில் 20 சதவீதமும், மழைக் காலத்தில் 30 சதவீதமும் ஆற்றுக்கென்றே விட்டாக வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒட்டகத்தின் முறை நாளை ஓர் அரசாங்கம் சதவீதத்தில் எழுதியிருக்கிறது என்று சொல்லலாம்.

நம் பக்கத்தில் ஜூன் 1ஆம் தேதி முதல் போகத்துக்கு அணை திறந்தால், பாசனத்துக்கு விநாடிக்கு 200 கன அடி, குடிநீருக்கு 100 கன அடி என்று அறிவிப்பார்கள். அந்த அறிவிப்பில் ஆறு என்று ஒரு வரி இருக்காது. வாய்க்காலுக்குப் போகிற வழியில் அது குடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பாசனம் நின்று, குடிநீரும் குறைந்தால் ஆற்றுக்குக் கேட்க நாதி இல்லை.

குழாயா, ஆறா?

இதே கேள்வி நம் பள்ளத்தாக்கில் அண்மையில் வந்தது. லோயர்கேம்பிலிருந்து குழாய் பதித்து நேரடியாக மதுரை மாநகருக்குக் குடிநீர் கொண்டு போகும் திட்டம். நம் விவசாயிகள் எதிர்த்தார்கள். "மதுரைக்குக் கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை, ஆற்றில் விட்டு வைகை அணையிலிருந்து எடுங்கள்" என்றார்கள்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. குழாயில் போனால் தண்ணீர் சுத்தமாகப் போகும். வழியில் திருட்டும் ஆவியாவதும் குறையும். மதுரையின் தாய்மார்களின் தாகம் நம் தாகம்தான். ஆற்றில் போனால் வழியெல்லாம் கிணறு குடிக்கும், மரம் குடிக்கும், மீன் குடிக்கும், பிறகு மதுரை குடிக்கும். எது சரி என்று பொறியாளர்களும் அரசும் தீர்மானிக்கட்டும். ஆனால் முஃமின்கள் ஒன்றைக் கேட்கலாம்: குழாயில் எவ்வளவு போனாலும், ஆற்றில் எப்போதும் இவ்வளவு ஓடும் என்று ஓர் அளவை எழுதி வையுங்கள். கணுக்கால் அளவாவது!

அதோடு நம்மையும் கேட்டுக்கொள்வோம். குழாய் வேண்டும் என்று அரசு சொல்வதற்கு ஒரு காரணம் வழியில் நடக்கிற திருட்டு. இரவில் ஆற்றுக்குள் மோட்டார் இறக்கி உறிஞ்சியது யார்? ஒரு கை. பார்த்துக்கொண்டு இருந்தது? ஊர்.

ஒரு கடலே காய்ந்த கதை

நம் இமாம்கள் புகாரியும் திர்மிதீயும் பிறந்த மண்ணுக்குப் பக்கத்தில் ஆரல் கடல் இருந்தது. உலகின் நான்காவது பெரிய ஏரி அது. ஆமு தர்யா, ஸிர் தர்யா என்ற இரண்டு ஆறுகள் அதை நிரப்பின. 1960களிலிருந்து சோவியத் அரசு பருத்திக்காக அந்த ஆறுகளைத் திருப்பியது. பருத்தி நன்றாகத்தான் விளைந்தது. ஆனால் கடலுக்கு எவ்வளவு என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. கடல் வற்றியது. மீன் செத்தது. முய்னாக் என்ற மீன்பிடித் துறைமுகத்தில் கப்பல்கள் இன்றும் மணலில் நிற்கின்றன. உப்பும் பூச்சிமருந்தும் கலந்த புழுதி கிளம்பி, மக்களை நோயில் தள்ளியது. வயலுக்காகக் கடலைக் கொன்றார்கள். கடைசியில் வயலும் உப்பேறியது.

ஆனால் அல்லாஹ் தவ்பாவின் கதவை மூடுவதில்லை. வடக்கே கஜகஸ்தானில் 2005ல் ஓர் அணை கட்டி, ஸிர் தர்யாவின் தண்ணீரை வட ஆரலில் நிறுத்தினார்கள். தண்ணீர் மட்டம் ஏறியது. மீன் திரும்பி வந்தது. மீனவர்கள் திரும்பி வந்தார்கள். அணை கெட்டது அல்ல, சகோதரர்களே! ஏழாண்டுப் பஞ்சத்துக்காகத் தானியம் சேமித்த யூஸுஃப் (அலை) அவர்களின் உம்மத்தைப் பற்றி ஓதுகிற நாம் சேமிப்பைக் குறை சொல்ல மாட்டோம். தராசை நேராகப் பிடிக்கிற கைதான் தேவை. வானத்தை உயர்த்தித் தராசை வைத்த ரப்பு, அதில் வரம்பு மீறாதீர்கள் என்றுதான் ஸூரா அர்ரஹ்மானில் (55:7-9) எச்சரிக்கிறான்.

நாம் என்ன செய்வது?

அணையின் மதகு நம் கையில் இல்லை. ஆனால் நம் கையில் பல சின்ன மதகுகள் இருக்கின்றன.

முதல் மதகு நம் பள்ளியின் உளூக் குழாய். பெருமானார் (ஸல்) ஒரு முத்து, அதாவது இரண்டு கை நிறைய அளவு தண்ணீரில் உளூச் செய்தார்கள் (புகாரி, முஸ்லிம்). நாம் குழாயைத் திறந்துவிட்டுப் பேச்சு வளர்க்கிறோம். உளூ நீர் சாக்கடைக்குப் போகாமல் பள்ளியின் மரங்களுக்குப் போக ஜமாஅத் நிர்வாகம் ஏற்பாடு செய்யட்டும்.

இரண்டாவது, நம் கழிவு. மக்கள் தண்ணீர் எடுக்கிற துறையில் அசுத்தம் செய்வதைச் சாபத்துக்குரிய செயல் என்று நபி (ஸல்) எச்சரித்தார்கள் (அபூதாவூத்). கறிக்கடைக் கழிவையும், பக்ரீத் நாளில் குர்பானிக் கழிவையும் முல்லையாற்றில் போடுகிறவர் நம்மில் யாராவது இருந்தால், இபாதத்தை முடித்த கையோடு சாபத்தை வாங்குகிறார். குழி தோண்டிப் புதையுங்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லாமல் இருப்பது அதைவிட வெட்கம்.

மூன்றாவது, வயல். மழையும் ஆறும் பாய்ந்த விளைச்சலில் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒன்று என்பது நபிமொழி (புகாரி). ஆற்றுத் தண்ணீர் உழைப்பில்லாமல் வந்ததால் கடமை இரட்டிப்பு! உங்கள் முறை முடிந்தால் மடையை அடையுங்கள். திராட்சைக்கும் வாழைக்கும் சொட்டு நீர் போட முடிந்தவர்கள் போடுங்கள். மிச்சமான தண்ணீரை அடுத்தவருக்குத் தராமல் தடுத்தவனை மறுமையில் அல்லாஹ் ஏறெடுத்தும் பார்க்க மாட்டான் என்ற எச்சரிக்கை (புகாரி) நம் உறக்கத்தைக் கெடுக்க வேண்டும்.

நான்காவது, வாய். ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறவர்களே! அடுத்த முறை பாசனத்துக்கும் குடிநீருக்கும் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: கோடையில் ஆறு அறுந்து போகாமல் ஓர் அளவு விடுங்கள், மதகைப் படிப்படியாக மூடுங்கள், ஊர்ச் சாக்கடையைச் சுத்திகரித்து ஆற்றில் விடுங்கள். மீனுக்கு மனு எழுதத் தெரியாது. நாம்தான் அதற்கு வக்கீல்.

யூப்ரடீஸ் கரையில் ஓர் ஆடு வீணாகச் செத்தாலும் அல்லாஹ் என்னிடம் கேட்பான் என்று உமர் (ரலி) அஞ்சியதாக அறிவிக்கப்படுகிறது. அவர்கள் இருந்தது மதீனாவில். யூப்ரடீஸ் எங்கேயோ இருந்தது. முல்லையாறு நம் பள்ளிவாசல்களிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது. ஜும்ஆ முடிந்து போகும்போது ஆற்றுப் பாலத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கீழே பாருங்கள். இன்று ஒட்டகம் குடித்ததா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் மலைகளில் பயனுள்ள மழையைப் பொழிவாயாக! அணைகளையும் அவற்றின் இரு கரைகளிலும் வாழும் மக்களையும் பாதுகாப்பாயாக! மேல் மடைக்காரருக்கு நீதியையும் கீழ் மடைக்காரருக்கு நிறைவையும் தருவாயாக! ராமநாதபுரத்துக் கண்மாய் வரை தண்ணீர் சேர அருள்வாயாக! வாயில்லா உயிர்களின் முறையைப் பறித்த கூட்டத்தில் எங்களைச் சேர்த்துவிடாதே! உன் நிஃமத்துக்கு நன்றி செலுத்தும் நல்லடியார்களாக எங்களையும் எங்கள் சந்ததிகளையும் ஆக்குவாயாக!

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.